மூணு பிள்ளைக்கு மூணு வண்டி

ஜாபர் அலிக்கு நல்ல மனசு. அன்றைக்கு நடந்த கூத்துக்கெல்லாம் அதுதான் காரணம்.

கிருமாம்பாக்கம் கடைத்தெருவில் குடை, செருப்பு, டிரங்குப் பெட்டி விற்கிற ஜாபர் அலி, நல்லவாடு எல்லம்மாளின் ஓட்டு வீட்டைப் பேசி முடித்ததைப் போன வாரம் பார்த்தோம். எல்லம்மாள் கூடையில் மீன் கொண்டு வந்து ஊரெல்லாம் விற்கிறவள். கிருமாம்பாக்கத்து வீடு அவளுடைய அப்பா வழியில் அவளுக்கு வந்தது. பக்கத்து வீட்டு ரைஸ்மில் நாகராஜன் அதை வாங்க எவ்வளவோ ஆசைப்பட்டார். "எங்கப்பன் கட்டின வூட்டை இடிச்சிட்டு தவிட்டு மூட்டை அடுக்குவே. குடும்பம் பண்றவங்களுக்குத்தான் குடுப்பேன்" என்று எல்லம்மாள் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள்.

இன்று பாகூரில் பத்திரம். இன்று விட்டால் நாளைக்கு ஆடி பிறந்துவிடும். ஆடியில் எல்லம்மாள் மீனைத் தவிர வேறு எதையும் விற்க மாட்டாள். இந்தப் பக்கம், ஜாபர் அலி குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் ஜலாலுதீனுக்கு ஒரு மாதம் பொறுக்க முடியாது. மகனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்யுங்கள் என்று சொன்னவர், அதற்குள்ளேயே ஆளைவிட்டு வெள்ளையடிக்க ஆரம்பித்துவிட்டார். முந்தின நாள் ரோஷன் பீவி ஆக்கிய குழம்பில் சுண்ணாம்பு விழுந்தது.

ரோஷன் பீவிக்கு வாழ்க்கையில் பெரிய ஆசை என்று ஒன்றுதான். ஒரு ஆணி அடிக்க வேண்டும்.

சிரிக்காதீர்கள். அவள் கல்யாணத்துக்கு மாமா பினாங்கிலிருந்து ஒரு சுவர்க் கடிகாரம் கொண்டுவந்து கொடுத்தார். பெண்டுலம் வைத்த கடிகாரம். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுதான். எல்லா வீட்டுக்காரர்களும் சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவைத்த மாதிரி ஒன்றைச் சொன்னார்கள்: "செவுத்துல ஆணி மட்டும் அடிக்கக் கூடாது." ஆகவே கடிகாரம் டிரங்குப் பெட்டிமேல் மல்லாந்து கிடந்தது. பெண்டுலக் கடிகாரம் படுத்துக்கொண்டு ஓடாது. பெரிய மகளுக்குப் பல் முளைத்து விழுந்து மறுபடியும் முளைத்துவிட்டது, அந்தக் கடிகாரம் இன்னும் ஒரு தடவைகூட அடிக்கவில்லை.

இப்போது ஜாபர் அலியின் நல்ல மனசுக்கு வருவோம்.

வக்கீல் சாமிநாதன் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். வீடு எல்லம்மாளுடையதுதான். ஆனாலும் அவளுடைய பிள்ளைகள் குழந்தைவேல், கண்ணையன், சின்னதம்பி மூன்று பேரும் வந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, அவர் பத்திரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படிப்பதைக் கேட்க வேண்டும். வாங்குகிறவர் பெண்சாதியும் கேட்க வேண்டும். கேட்டபிறகுதான் கையெழுத்து.

மீன்காரக் குடும்பம் பாவம் பஸ்ஸுக்கு நிற்குமே என்று ஜாபர் அலி யாரையும் கேட்காமல் ஒரு பிளஷர் காரைப் பேசி, விடிந்ததும் நல்லவாட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்.

எல்லம்மாள் காரைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தாள்.

"இன்னா பாய் இது?"

"உங்களுக்குத்தான் எல்லம்மாக்கா. மூணு தம்பிங்களும் நீங்களும் ஜம்முனு உக்காந்துக்கினு வரலாம்."

"மூணு பேருமா? ஒரே வண்டியிலயா?"

பின்னால் நின்ற மூன்று பிள்ளைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவன் குழந்தைவேல் மெல்ல ஜாபர் அலியின் காதருகே வந்தான். "எங்கம்மா எங்க மூணு பேரையும் ஒரே மரத்துல ஏற வுட மாட்டாங்க பாய். கட்டுமரத்துல ரெண்டு பேரு போனா ஒருத்தன் கரையில நிக்கணும். இதை உங்களுக்கு யாருமே சொல்லலியா?"

"இது மரம் இல்லியே தம்பி, காரு."

"அதை எங்கம்மா கிட்ட சொல்லுங்க."

ஜாபர் அலி சொன்னார். எல்லம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்ல காரியத்துக்குப் போற நாள்ல இதைக் கொண்டாந்து வாசல்ல நிறுத்திட்டியே பாய்" என்று உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். வீடும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்.

அவளைச் சமாதானம் பண்ணி வெளியே கொண்டுவருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. முடிவாக எல்லம்மாள் ஒரு ஏற்பாடு சொன்னாள். காரில் அவளும் குழந்தைவேலும். கண்ணையன் சைக்கிளில். சின்னதம்பி தவளக்குப்பம் வரை நடந்துபோய் அங்கிருந்து பஸ்ஸில். இன்றைக்கு ஒரு வண்டிக்கு ஒரு பிள்ளைதான்.

சின்னதம்பி முகத்தை ஜாபர் அலி பார்த்தார். மூன்று பேரில் அவன் முகத்தில்தான் இந்த வியாபாரம் பிடிக்கவே இல்லை என்று எழுதியிருந்தது. தனியாக விட்டால் பஸ் பாகூர் போகும், இவன் போக மாட்டான். "நான் தம்பியோட வர்றேன்" என்று, வாடகை பேசிய காரை அனுப்பிவிட்டு, ஜாபர் அலி மணலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்.

*

பாகூர் பத்திர ஆபீஸ் வாசலில் வக்கீல் சாமிநாதன் கறுப்புக் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். அந்த வெயிலில் அந்தக் கோட்டைப் பார்க்கிறவர்களுக்கே வியர்க்கும். ரோஷன் பீவி பெஞ்சின் ஒரு ஓரத்தில் பர்தாவுக்குள் உட்கார்ந்து, மடியில் சோற்றுத் தூக்கை வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார் வந்தது. எல்லம்மாளும் குழந்தைவேலும் இறங்கினார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணையன் சைக்கிளில் வந்தான்.

"சின்னவரு?" என்று கேட்டார் வக்கீல்.

"பஸ்ஸு கிருமாம்பாக்கம் தாண்டினதும் நின்னு போச்சு சார். டிரைவரு வண்டிக்குக் கீழ படுத்துக்கினு இருக்கறாரு. பாயும் தம்பியும் ரோட்ல நிக்கிறாங்க."

வக்கீலுக்கு நிம்மதி. "அவ்வளவுதானே? இந்தக் காரை அனுப்புவோம். போய்க் கூட்டிட்டு வந்துரட்டும்."

"அந்தக் காரு வேணாம்" என்றாள் எல்லம்மாள்.

"ஏம்மா?"

"அதுல பெரியவன் வந்துட்டான்."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோர்ட்டில் குறுக்கு விசாரணைக்கு முன்னால் அவர் செய்வது அதுதான். "இங்க பாருங்கம்மா. பெரியவரு வந்தாரு, இறங்கிட்டாரு. இப்ப காரு காலி. சின்னவரு ஏறும்போது அதுல அண்ணன் எங்க இருக்காரு?"

"அது எனக்குத் தெரியாதா?"

"அப்புறம்?"

"வண்டி அதே வண்டிதானே?"

"ஒரே மரத்துல ரெண்டு பேரு போறதுக்கு விடறீங்கன்னு இப்பத்தான் பெரியவரு சொன்னாரு. மூணு பேருக்குத்தானே ஆகாது?"

"அது மத்த நாள்ல. இன்னிக்கு ஒரு வண்டிக்கு ஒரு புள்ளை."

"இந்தச் சட்டம் எப்பம்மா போட்டது?"

"காலையில."

வக்கீல் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முப்பது வருஷமாக வக்கீல் தொழில் பார்ப்பவர், இதற்கு எந்தச் செக்‌ஷனும் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

எல்லம்மாள் விடவில்லை. "நான் ஒண்ணு கேக்கறேன் வக்கீலய்யா. எல்லாரும் ஒண்ணா உக்காந்து கேட்டாத்தான் கையெழுத்துன்றியே, அது மட்டும் எந்தச் சட்டம்?"

பக்கத்தில் முத்திரைத்தாள் வாங்க வந்திருந்தவர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"சட்டம் இல்லைம்மா" என்று வக்கீல் ஒப்புக்கொண்டார். பொய் சொல்லத் தெரியாத வக்கீல் அவர். அதனால்தான் இன்னும் சைக்கிளில் வருகிறார். "பிரெஞ்சுக்காரன் காலத்துல பாண்டியில ஒரு நொத்தேர்கிட்ட எழுத்து வேலை பார்த்தேன். பத்திரம் எழுதிக் கொடுக்கற பெரிய அதிகாரி. அவரு எல்லாரையும் உக்கார வச்சுப் படிச்சுக் காட்டுவாரு. ஒருநாள் விக்கிறவரோட தம்பி நடுவுல எழுந்து டீ குடிக்கப் போயிட்டான். அப்புறம் அவன் கோர்ட்டுக்குப் போனான், 'நான் டீக்கடையில இருந்தேன், என் காதுல எதுவும் விழலே'ன்னு. கேசு முடியறதுக்கு முன்னாடி அந்த வீடே விழுந்துபோச்சு. அன்னிலேர்ந்து நான் பெஞ்சை விட்டு யாரையும் எழுந்திருக்க விடறதில்லை."

"உனக்கு அது. எனக்கு இது" என்றாள் எல்லம்மாள்.

சுவரில் இருந்த ஆபீஸ் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ரோஷன் பீவி அதையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிளஷர் கார் கண்ணெதிரே சும்மா நிற்கிறது. போய்வர அரை மணிகூட ஆகாது. தானே கேட்டுப் பார்ப்போம் என்று சோற்றுத் தூக்கைத் திறந்து, இரண்டு வாழையிலையில் தேங்காய்ச் சோறும் ஊறுகாயும் வைத்து, ஒன்றை எல்லம்மாளிடம் நீட்டினாள்.

"சாப்புடுங்கக்கா. காலையில எதுவும் தின்னிருக்க மாட்டீங்க."

எல்லம்மாள் வாங்கிக்கொண்டாள். இரண்டு வாய் சாப்பிட்டபிறகு ரோஷன் பீவி மெதுவாக ஆரம்பித்தாள். "அந்தக் காருல..."

"எங்கூட்டுக்காரரும் அவரு கூடப் பொறந்த ரெண்டு பேரும் ஒரே மரத்துல போனாங்க" என்றாள் எல்லம்மாள், இலையைப் பார்த்துக்கொண்டே. "மூணு பொம்பளைங்க கரையில நின்னோம். என் மாமியா ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தா ஒருத்தராவது மிஞ்சியிருப்பாங்க. அவ சொல்லலே. நான் சொல்றேன். எல்லாரும் சிரிக்கிறாங்க. சிரிக்கட்டும்மா, எனக்கு மூணும் இருக்குது."

ரோஷன் பீவி தன் இலையைப் பெஞ்சில் வைத்துவிட்டாள். அவளுக்கு வீடு வேண்டும். எப்படியாவது வேண்டும். ஆனால் இதற்குமேல் இவளிடம் ஒரு வார்த்தை கேட்டால் அந்த வீட்டில் நிம்மதியாகத் தூங்க முடியாது என்றும் தெரிந்தது.

எழுந்து வக்கீலிடம் போனாள். "காரை அனுப்பிடுங்க சார். வாடகை ஏறுது. அவங்க எப்புடி வர்றாங்களோ அப்புடி வரட்டும்."

"ஆபீசு மூடிட்டா?"

"மூடட்டும் சார்."

சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தவள் பர்தாவுக்குள் அழுதாள். எல்லம்மாள் அதைப் பார்த்தாள். தன் இலையிலிருந்து ஒரு ஊறுகாய்த் துண்டை எடுத்து அவள் இலையில் வைத்தாள்.

*

ஆபீஸ் பியூன் ஜன்னலைச் சாத்த ஆரம்பித்த நேரத்தில், ரோட்டில் ஒரு வைக்கோல் வண்டி திரும்பியது.

வைக்கோலின் உச்சியில் ஜாபர் அலி உட்கார்ந்திருந்தார். பெருநாள் சட்டை, தலையில் தொப்பி, தொப்பியில் வைக்கோல். பக்கத்தில் சின்னதம்பி. வழியில் எத்தனை வண்டியைக் கூவிக் கூப்பிட்டிருப்பார் என்று அவர் தொண்டையைக் கேட்டால் தெரியும், பேச்சே வரவில்லை. வண்டிக்காரருக்கு ஒரு புதுக் குடை தருவதாகச் சொல்லித்தான் பாகூர்ப் பக்கம் திருப்பியிருந்தார்.

எல்லம்மாள் எழுந்து போய் வண்டியையும் மாட்டையும் பார்த்தாள்.

"இது வேற வண்டிதான்" என்று தீர்ப்புச் சொன்னாள்.

எல்லாரும் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தார்கள். ரிஜிஸ்ட்ராரை வக்கீல் உள்ளே போய்க் கெஞ்சிப் பிடித்து வைத்துவிட்டு வந்து, பத்திரத்தைப் பிரித்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அவசரமாகப் படிப்பார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். சங்கீதக் கச்சேரி மாதிரி நிறுத்தி நிதானமாக ஆரம்பித்தார். பத்தி முடியும்போதெல்லாம் தலையைத் தூக்கி, "புரிஞ்சுதா?" என்று கேட்டார். எல்லாரும் தலையாட்டின பிறகுதான் அடுத்த பத்தி.

ரோஷன் பீவியின் கண் ஆபீஸ் கடிகாரத்தை விட்டு நகரவில்லை.

"வடக்கே தெரு. தெற்கே வாய்க்கால். கிழக்கே பள்ளிக்கூடத்து வேலி. மேற்கே நாகராஜன் வீட்டுச் சுவர். இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட ஓட்டு வீடு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது" என்று முதலில் சொன்னது ரோஷன் பீவிதான்.

வக்கீல் அவளைப் பார்த்தார். "மேற்கே நாகராஜன் வீட்டுச் சுவர்னு போட்டிருக்கும்மா. பாய் கடையில இருப்பாரு, வீட்டுல இருக்கப் போறது நீங்க. அதனாலதான் உங்களையும் உக்கார வச்சிருக்கேன். இன்னொரு தடவை படிக்கட்டுமா?"

"புரிஞ்சுது சார். மேல படிங்க சார்."

மேலே படித்தார். விலை, உரிமை, வில்லங்கம் இல்லை என்கிற உறுதி எல்லாம் முடிந்து, கடைசியாக மறுபடியும் கேட்டார். "எல்லாருக்கும் புரிஞ்சுதா?"

"எனக்குப் புரியலே" என்றான் சின்னதம்பி.

பெஞ்சே அசைந்தது. ஜாபர் அலி தொப்பியைக் கழற்றி வைக்கோலைத் தட்டுகிற சாக்கில் கண்ணை மூடிக்கொண்டார்.

"எது புரியலே தம்பி?" என்றார் வக்கீல்.

"தாத்தா வூடு. அம்மா அதுலதான் பொறந்தாங்க. அதை ஏன் விக்கிறாங்கன்னு புரியலே. நான் கேட்டா 'சும்மா இருடா'ன்றாங்க. வாங்கறவங்க நல்லவங்கதான், வேணாங்கலே. ஆனா எனக்குப் புரியணும்ல சார்? நீங்கதானே கேட்டீங்க?"

கேட்டது வக்கீல்தான். அவர் எல்லம்மாளைப் பார்த்தார். எல்லாரும் எல்லம்மாளைப் பார்த்தார்கள்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அண்ணனுங்க ரெண்டு பேரும் கடலுக்குப் போறானுங்க. நீ தெனமும் கரையில நின்னு வலையை மடிக்கிறே. உன் வயசுப் பசங்க கேலி பண்றாங்க, எனக்குக் காது கேக்காதா? எல்லாரும் ஒரே மரத்துல போகக் கூடாதுன்னு நான்தான் உன்னை நிறுத்தினேன். அதான் இன்னொரு மரம் வாங்கப் போறேன்டா. உனக்கு."

சின்னதம்பி அம்மாவை நிமிர்ந்து பார்த்தான்.

"சொல்லியிருக்கலாம்ல" என்றான்.

"சொல்லியிருந்தா வேணாம்னிருப்பே."

"இப்ப புரிஞ்சுதா தம்பி?" என்று வக்கீல் கேட்டார்.

"புரிஞ்சுது சார். பேனாவைக் குடுங்க."

முதல் கையெழுத்து அவன் போட்டான். எல்லம்மாள் ரேகை வைத்தாள். மை காய்வதற்குள் சாவியை இடுப்பிலிருந்து எடுத்து ஜாபர் அலியைத் தாண்டி ரோஷன் பீவியின் கையில் கொடுத்தாள். "பின்கட்டுக் கதவு மழைக்கு உப்பிக்கும்மா. தூக்கிச் சாத்து." அவ்வளவுதான் சொன்னாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள், ஒரு பிள்ளை முன்னால், ஒரு பிள்ளை பின்னால், ஒரு பிள்ளை சைக்கிளில்.

*

இருட்டுவதற்குள் இன்றே ஒரு சாமானாவது புது வீட்டுக்குள் போக வேண்டும் என்றாள் ரோஷன் பீவி. எந்தச் சாமான் என்று ஜாபர் அலி கேட்கவில்லை. கடிகாரத்தைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு அவரே தூக்கிவந்தார்.

கூடத்தில் நின்று நான்கு சுவரையும் பார்த்தாள். உள்ளே நுழைகிறவர் கண்ணில் முதலில் படுவது மேற்குச் சுவர்தான். பிஸ்மில்லா சொல்லி ஆணியை வைத்தாள். முதல் அடிக்கு யாரோ அதட்டப்போகிறார்கள் என்று பழக்கதோஷத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டாள். யாரும் அதட்டவில்லை. அடுத்த அடி பலமாக விழுந்தது.

ஜாபர் அலி கடிகாரத்தை மாட்டினார். அவள் சாவி கொடுத்து, பெண்டுலத்தை விரலால் தள்ளிவிட்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து ஊமையாகக் கிடந்தது டிக் டிக் என்று பேச ஆரம்பித்தது. ரோஷன் பீவி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கண்ணீர் தானாக வழிந்தது, துடைக்கவும் தோன்றவில்லை.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கோபமே இல்லாத, பக்கத்து வீட்டில் நெருப்புப் பெட்டி கேட்கிற மாதிரியான குரல்.

"பாய், ஆணி அடிச்சது நீங்களா? அது நம்ம செவுரு."

ரைஸ்மில் நாகராஜன்.

ஜாபர் அலி மனைவியைப் பார்த்தார். "வக்கீல் சார் படிச்சாரே, ரோஷன். மேற்கால நாகராஜன் வூட்டுச் செவுருன்னு. ரெண்டு தடவை கேட்டாரே."

"கேட்டாரு."

"நீதானே புரிஞ்சுதுன்னே?"

ஜாபர் அலிக்கு நல்ல மனசு என்றுதான் முதலிலேயே சொன்னோமே. "முதல் நாளே பக்கத்து வூட்டுக்காரரோட எதுக்குப் பொல்லாப்பு" என்று முணுமுணுத்தபடி கடிகாரத்தை இறக்கக் கையை நீட்டினார்.

அந்தக் கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

"காலையில வக்கீல் சாரு வூட்டுக்குப் போங்க. ஒரு செவுத்துக்கு எத்தினி பக்கம், எந்தப் பக்கம் யாருதுன்னு பொறுமையா படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு வாங்க. அதுவரைக்கும் இது ஓடட்டும்."